பதினோரு கேள்விகள் கொண்ட படிவம்

ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு நெஞ்சு வலிக்க எத்தனையோ காரணம் இருக்கலாம். எண்ணெய்ப் பலகாரம், சிகரெட், மகள் கல்யாணம். எனக்கு வலித்தது ஒரு வாக்கியத்தால். ஆங்கிலத்தில் இருந்த அந்த வாக்கியத்தைத் தமிழாக்கித் தருவதுதான் என் வேலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது. தமிழில் பதில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர், கணவனை இழந்த பெண் சாகும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையை ஏற்கவில்லை என்றது அது.

ஏற்கவில்லையா? அந்தப் பதில்களில் பாதியை நானே படித்திருந்தேன். “அவ எங்க போவா?” என்று ஒருவர் காரணம் எழுதும் கோட்டில் எழுதி, போதாது என்று அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

நான் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தது ஒரு சட்டச் சீராய்வுக் குழுவில். புதுச்சேரியில் புழக்கத்தில் இருக்கும் பழைய சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருத்தலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது அதன் வேலை. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைவர். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் உறுப்பினர். இன்னும் இரண்டு உறுப்பினர்கள் மாதத்துக்கு ஒரு முறை வருவார்கள். ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர், நான், ஒரு மாடிப் போர்ஷன், அவ்வளவுதான் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, ஆனால் உப்புக் காற்று வந்து ஸ்டேப்ளர் பின்னையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும்.

சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. என்ன எழுத வேண்டும் என்று மட்டும் அரசாங்கம் சொல்ல முடியாது. தலைவரம்மா அதில் ரொம்பக் கறார். மேலேயிருந்து ஒருவர் போன் போட்டு, அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பக்குவமாக விசாரித்தபோது, அச்சாகி வந்ததும் படித்துப் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நாங்கள் பழைய தீர்ப்புகளைப் படிப்போம், கேள்விகள் தயாரிப்போம், மக்களுக்கு அனுப்புவோம், பதில்களை எண்ணுவோம், உறுப்பினர்கள் வரிக்கு வரி சண்டை போடுவார்கள், கடைசியில் புதுச் சட்டத்துக்கு ஒரு முன்வரைவும் எழுதி இணைத்து அனுப்புவோம். அதற்குமேல் அரசாங்கத்தின் பாடு. சட்டமாக்கலாம். ஆடுகிற பீரோவுக்கு அடியில் முட்டுக் கொடுக்கலாம். இரண்டுக்கும் அறிக்கை கனமாக இருப்பது நல்லது என்று நான் சொல்வேன். பேராசிரியர் சிரிப்பார், தலைவரம்மா சிரிக்க மாட்டார்.

அந்த முறை எடுத்துக்கொண்டது ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசுச் சட்டம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சிலர், எங்கள் ஊர் வழக்கம் எங்களுக்கு வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். கையெழுத்து போகவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளுக்கும் இன்றைக்கும் அந்தப் பழைய சட்டம்தான். அதன்படி பிள்ளையில்லாமல் ஒருவன் செத்தால் சொத்து அவன் கூடப்பிறந்தவர்களுக்குப் போகும். பெண்டாட்டிக்குப் பாதியை அனுபவிக்கும் உரிமை மட்டும். அனுபவிக்கலாம், சொந்தமில்லை.

இதை நான் மொழிபெயர்த்தபோது சுவாரசியமாகத்தான் இருந்தது. என் அக்கா அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்பது தெரிந்தும் சுவாரசியமாக இருந்தது, ஏனென்றால் அப்போது மாமா உயிரோடு இருந்தார்.

நாங்கள் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அக்கா டவுனுக்கு வேலைக்கு வந்த இடத்தில் மாமாவைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். முத்தியால்பேட்டையில் அவர் வீடு. ஓட்டு வீடு, முன்னால் ஒரு கம்பிக் கதவு, பின்னால் ஒரு முருங்கை. முப்பது வருடம் அங்கே இருந்தாள், பிள்ளையில்லை. மாமாவின் கொள்ளுத்தாத்தா எந்தக் காகிதத்தில் எதை எழுதிக் கொடுத்தார் என்று அவளுக்கென்ன தெரியும்? மாமா ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், போய்விட்டார். மூன்றாவது மாதம் மாமாவின் தம்பி, வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். அக்காவின் வக்கீலுக்கு ஒரே நம்பிக்கை எங்கள் குழு. விதவைக்கு சாகும்வரை வீட்டில் இருக்கும் உரிமை வேண்டும், சம்பந்தப்பட்ட மக்களே அதைக் கேட்கிறார்கள் என்று ஒரு சுதந்திரமான குழு சொன்னால் அதை நீதிபதி முன்னால் வைக்கலாம், யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும் காதில் விழும் என்றார் அவர்.

காதில் விழப்போவது இந்த வாக்கியம். அக்காவை வெளியே அனுப்ப எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்ல காகிதம் கிடைக்காது.

எங்கே தப்பு என்று எனக்குத் தெரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தப்பு நான்தான்.

ஆங்கிலப் படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். தமிழ் எப்போதும் இடம் கேட்கும் மொழி. இரண்டு பக்கத்தில் அடங்காமல் பன்னிரண்டாவது கேள்வி மட்டும் தனியாக மூன்றாம் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்தது. அச்சகக்காரர், ஒரே ஒரு வரிக்கு இன்னொரு தாளா சார் என்று உச்சுக்கொட்டினார். எனக்கும் தோன்றியது, இரண்டாவது தாளைப் பார்த்தாலே நம் ஜனங்கள் அப்புறம் எழுதலாம் என்று டிவி மேல் வைத்துவிடுவார்கள். மூன்றாவது கேள்வி, நீங்கள் பிறப்பால் இந்தக் குடும்பமா என்றது. நான்காவது, திருமணத்தால் இந்தக் குடும்பமா என்றது. ரெண்டும் ஒன்றுதானே? இரண்டையும் ஒரே கேள்வியாக்கினேன். அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் அழகாக நான்கு, ஐந்து, ஆறு என்று எண் மாற்றினேன். பதினோரு கேள்விகள், ஒரே தாள், இரண்டு பக்கம். தலைவரம்மா பார்த்துவிட்டு, கச்சிதமாக இருக்கிறது என்றார். அந்த அம்மா வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு. அதில் மயங்கிக் கிடந்தவன், இரண்டிலும் நம்பர் ஒன்றுதான் என்று முன்பு ஆபரேட்டரிடம் சொல்லியிருந்ததை மாற்றிச் சொல்ல மறந்துபோனேன்.

அந்தப் பெண்ணோ எண்ணைப் பார்த்து எண்ணுக்கு நேராகப் பதிவு செய்கிறவர். ஆங்கிலத்தில் எட்டாவது கேள்வி, விதவை சாகும்வரை வீட்டில் இருக்கலாமா. ஒன்பதாவது, அவள் மறுமணம் செய்துகொண்டால் அந்த உரிமையைப் பறிக்க வேண்டுமா. தமிழில் இவை ஏழும் எட்டும். ஜனங்கள் ஏழுக்கு ஆம் என்றார்கள், எட்டுக்கு, கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டுப் போறா, எதுக்குப் பறிக்கணும் என்று இல்லை போட்டார்கள். தமிழ் எட்டின் இல்லை நேராக ஆங்கில எட்டில் போய் விழுந்தது. வீட்டில் இருக்கலாமா? இல்லை. சாயங்காலத்துக்குள் காலி செய்.

இன்னும் இருந்தது. பன்னிரண்டாவது கேள்வி, குழு உங்களை நேரில் கேட்க வேண்டுமா என்பது. தமிழில் அது பதினொன்று. எனவே தமிழ்க்காரர்களின் பன்னிரண்டாவது கட்டம் முழுக்கக் காலி. தமிழில் பதிலளித்தோர் நேரில் வர விரும்பவில்லை, ஆகவே நேரடி விசாரணை நடத்தவில்லை என்று அறிக்கை பெருந்தன்மையாகக் குறிப்பிட்டிருந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் ஆம் என்று போட்டிருந்தார்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருப்பார்கள்.

அப்போதுதான் நெஞ்சு வலித்தது. நல்ல வலி. இடது பக்கம், சட்டைப் பைக்குக் கீழே. எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. லீவ் சொல்லிவிட்டு மறுநாள் காலை கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். விழுப்புரம், திண்டிவனம் என்று எங்கெங்கிருந்தோ வந்த நோயாளிகளோடு வரிசையில் நின்றேன். என் முன்னால் நின்றவர் வயலில் மயங்கி விழுந்தவர், பின்னால் நின்ற அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நான், ஒரு கேள்வியைக் குறைத்துவிட்டு வந்தவன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். சின்னதாக ஒரு அடைப்பு இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். படுத்த படுக்கையாக இருக்கிறவனிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, குதிரை மாதிரி இருக்கீங்க, கேஸ் டிரபுளா இருக்கும், வேளைக்குச் சாப்பிடுங்க என்றார். சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நல்ல உடம்போடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அறிக்கையில் கையெழுத்தாக இன்னும் நான்கு நாள். போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. வேலையில் சேரும்போது எல்லோரும் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். குழு ஆராயும் சட்டத்தால் எனக்கோ என் நெருங்கிய உறவினருக்கோ லாப நஷ்டம் எதுவும் இல்லை, நிலைமை மாறினால் உடனே தெரிவிப்பேன் என்று. மாமா நன்றாக இருந்தார், போட்டேன். மாமா போனபோது சாவு வேலை, காரியம், அக்கா அழுகை, அப்புறம் வழக்கு. தெரிவிக்கவில்லை. மறந்தேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு முறை தலைவரம்மா அறை வாசல்வரை போய், வேலை போய்விடும் என்று பயந்து, தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி திரும்பியிருக்கிறேன். அந்த உறுதிமொழியின் தமிழ் வாசகம்கூட நான் எழுதியது. நல்ல தமிழ்.

இப்போது நான் போய், எட்டாவது கேள்வியின் முடிவு தலைகீழ், அதைத் திருப்புங்கள் என்றால் எப்படி இருக்கும்? திருப்பினால் யாருக்கு லாபம்? என் அக்காவுக்கு. எண் மாறிய கதையை என் மனைவிகூட நம்ப மாட்டாள்.

ஒரு வேலை செய்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ் அறிக்கையில் “ஏற்கவில்லை” என்று வரவேண்டிய இடத்தில் “ஏற்றனர்” என்று அடித்தேன். எவ்வளவு சுலபம்! தமிழ் அறிக்கையை யார் ஆங்கிலத்தோடு ஒப்பிடப் போகிறார்கள்? அக்காவின் வக்கீல் தமிழ் அறிக்கையைக் காட்டுவார், எதிர்த்தரப்பு வக்கீல் ஆங்கிலத்தைக் காட்டுவார், நீதிபதி இரண்டையும் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளனைத் தேடுவார். அழித்தேன். அழித்த இடத்தில் கர்சர் மட்டும் மினுக் மினுக் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் ஆபரேட்டரிடம் போனேன். அவர் நடு வயதுப் பெண், டவுனில் பரம்பரையாகக் குடைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் கட்டுவார். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நான் விளக்குவதற்கு முன்னாலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நம்பரப் பாத்துதான சார் போட்டேன்” என்றார். “நம்பர் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க.”

“ஆமாம்மா. நான்தான் சொன்னேன்.”

“எம்பேர்ல விழுந்துடுமா சார்?”

விழாது என்றேன். தானே விழுந்துகொண்டிருக்கிறவன் சொன்னால் எவ்வளவு தைரியம் வருமோ அவ்வளவுதான் அவருக்கும் வந்தது. அவர் இரண்டு படிவங்களையும் அடுக்கி என் கையில் கொடுத்தார். பிறகு, இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள், நாளைக்கு நானே சொல்லும்படி வைக்காதீர்கள் என்றார். மிரட்டல் இல்லை அது. கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. அதனால்தான் போனேன் என்று நினைக்கிறேன். என் தைரியத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

தலைவரம்மா அறையில் பேராசிரியரும் இருந்தார். படிவங்களை மேசைமேல் வைத்து, நின்றுகொண்டே சொன்னேன். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். தலைவரம்மா தமிழ்ப் படிவத்தை விரல் வைத்து ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண்ணினார்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“முந்தாநேத்து மா.”

“நேத்து ஏன் சொல்லல?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் மா. நெஞ்சு வலி.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.”

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவரம்மா பதில்களை மறுபடி எண்ண ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் போகலாம் என்பதுபோலப் பார்த்தார். போயிருக்கலாம். வாசல்வரை போனேன். மூன்றாவது முறையும் தண்ணீர் குடிக்கிறவனாக இருக்க முடியவில்லை.

“இன்னொண்ணு இருக்குது மா” என்றேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். மாமா செத்ததை, வழக்கை, உறுதிமொழியை.

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் கழற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டேன், தானாகவே கட்டிக்கொண்டது.

“இத மொதல்ல சொல்லிட்டு அதச் சொல்லியிருந்தா, யோசிக்காம நம்பியிருப்பேன்” என்றார். “இப்ப எண்ணிப் பாத்துதான் நம்பணும். நீங்க அந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஒரு பேப்பரத் தொடக் கூடாது.”

ஆக இரண்டு நாள் நான் மாடிப்படி மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேராசிரியரும் ஆபரேட்டரும் மூலப் படிவங்களைப் பிரித்துக் கேள்வியின் வாசகத்தைப் படித்து எண்ணினார்கள். எண்ணைப் பார்க்கவே இல்லையாம். கதவு சாத்தியிருந்தது. ஆம், இல்லை, ஆம், ஆம் என்று ஆபரேட்டரின் குரல் மட்டும் கேட்கும். ஒவ்வொரு இல்லைக்கும் எழுந்து நின்று உட்கார்ந்தேன், எந்தக் கேள்விக்கு இல்லை என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் எழுந்தேன். ஒருவேளை நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ, நிஜமாகவே ஜனங்கள் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறார்களோ என்றுகூட ஒரு கட்டத்தில் பயந்தேன். படிவம் படித்தபோது ஆம்களை மட்டும் படித்திருப்பேனோ? அக்காவின் தம்பிக்குக் கண்ணில் ஆம்தானே படும்?

எண்ணி முடித்தார்கள். எட்டாவது கேள்விக்கு ஆம். பெரும்பான்மை ஆம். பன்னிரண்டாவதற்கும் ஆம்.

நான் படியிலிருந்து எழுந்து, திருத்திவிட்டால் அறிக்கையில் இந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். தலைவரம்மா, நேரில் கேட்கச் சொல்லி இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். விசாரணைக்கு நாள் குறித்து, தெரிவித்து, நடத்தி, மறுபடி எழுதி முடிக்க ஒன்றரை மாதமாவது ஆகும். அக்காவின் வழக்கு பதினெட்டு நாளில். அதைச் சொன்னேன். சொல்லக் கூடாது என்று தெரிந்தும் சொன்னேன்.

“அந்தத் தேதி எனக்குத் தெரியக் கூடாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “ஒருத்தர் கேஸுக்காக அவசரப்பட்டா, இந்த ரிப்போர்ட்ட வேற யாரும் நம்ப வேண்டியதில்ல.”

அன்றோடு என் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் என் மேசையிலிருந்த சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எண்ணிப் பார்த்துக்குங்க சார் என்றார், பழக்கதோஷத்தில்.

ஆக, தப்பான அறிக்கை வந்திருந்தால் அக்காவைக் கெடுத்திருக்கும். சரியான அறிக்கையோ நேரத்துக்கு வரப்போவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள். முத்தியால்பேட்டைக்கு நடந்தே போனேன். போய்ச் சேராமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு டீக்கடையிலும் நின்றேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“ஏண்டா, எடம் பத்தலன்னா இன்னொரு தாள் போடறதுதான?”

“ஜனங்க எழுத மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அவங்க வூடுடா. பத்து தாள் குடுத்தாலும் எழுதுவாங்க.”

அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். கீரைத் தண்டுகளை எல்லாம் ஒரே நீளமாக அடுக்கிவைத்து, பிறகு எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் ஒரு மணி. என் அக்கா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் நின்று நான்தான் உலை வைத்தேன். அரிசி எவ்வளவு போடுவது என்று தெரியாமல் பத்துப் பேருக்குப் போட்டுவிட்டேன்.

பதினெட்டாம் நாள் கோர்ட்டில் வக்கீல் வாய்தா கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் மறுத்தார். நீதிபதி இரண்டு மாதம் கொடுத்தார், இதுதான் கடைசி என்றார். அந்தக் கடைசியில் எங்களுக்கு மூச்சு வந்தது.

குழுவின் விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் வேலை போனவன், பொதுமக்களில் ஒருவனாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருநூறு நாற்காலி போட்டும் போதவில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். தலைவரம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். அக்கா எழுந்தாள். அவள் மேடைப் பேச்சே பேசாதவள். எழுதிக் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, நீ எழுதனது போதும் என்றிருந்தாள்.

“பாதி எனக்குன்னு சட்டம் சொல்லுதாம்” என்று ஆரம்பித்தாள். “ஆறு மாசமா பாதி எதுன்னு தேடறேன். சமையக்கட்டு எனக்கு, ஹாலு அவங்களுக்குன்னா, கக்கூசுக்கு நான் யாரக் கேட்டுப் போறது? பின்னாடி பாதி எனக்குன்னா, வாசல் எங்க? பாதி வூட்ல யாரும்மா இருக்க முடியும்? முழுசா இருக்கலாம், இல்லன்னா வெளிய இருக்கலாம்.”

மண்டபம் சிரித்தது. தலைவரம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மூன்று நிமிடத்தில் ஒன்றரை மிச்சம் வைத்து அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு பேர் தள்ளி மாமாவின் தம்பி எழுந்தார். எனக்கு அவரைக் கெட்டவனாகவே நினைத்துப் பழகியிருந்தது, அதுதான் வசதி. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். ஷிப்ட் சட்டையோடு வந்திருந்தார். எனக்கும் அதே வீட்டில்தான் பிறப்பு, முப்பது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன், அண்ணன் இருக்கும்வரை வாய் திறக்கவில்லை, என் பங்கு எனக்கு எப்போது, நான் செத்த பிறகா என்று கேட்டார். அவருக்கு யாரும் சிரிக்கவில்லை. தலைவரம்மா அதையும் அதே வேகத்தில் எழுதிக்கொண்டார். அவருக்கும் அதே மூன்று நிமிடம். அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அறிக்கை கையெழுத்தாகி அரசாங்கத்துக்குப் போயிற்று. சாகும்வரை குடியிருக்கும் உரிமை வேண்டும், சொந்தம் கூடப்பிறந்தவர்களுக்கே இருக்கட்டும், காத்திருக்கிற காலத்துக்கு அவர்களுக்கும் ஈடு ஏதாவது செய்ய வேண்டும் என்று பரிந்துரை. பின்னிணைப்பில் என்னைப் பற்றி ஒரு பத்தி. தமிழ்ப் படிவத்தில் எண் மாறியது, மொழிபெயர்ப்பாளர் உறவைத் தெரிவிக்கத் தவறினார், அவரை விலக்கி வைத்து மூலப் படிவங்கள் மறுபடி எண்ணப்பட்டன என்று. அதைத் தமிழாக்கியது வேறு யாரோ. மகா மட்டம். திருத்திக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. அரசாங்கத்திடமிருந்து ஒரு வரியில் பதில் வந்ததாம், பெறப்பட்டது என்று.

கடைசி வாய்தா அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்தப் பத்தியைத்தான் முதலில் படித்தார். எதிர்வாதியான இந்த அம்மாவின் தம்பியே கை வைத்த கணக்கு இது, இதை எப்படி நம்புவது என்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். தூண் என் அளவுக்கு இல்லை, வயிறு வெளியே தெரிந்திருக்கும். நீதிபதி பத்தியை வாங்கி, உதடு அசையப் படித்தார். மறுபடி எண்ணியபோது அந்த ஆள் உள்ளே இருந்தாரா என்று கேட்டார். இல்லை என்று எழுதியிருக்கிறது என்றார் அக்காவின் வக்கீல். அறைக்குள் போகக்கூட விடவில்லை. இரண்டு நாள் படிமேல் உட்கார்ந்திருந்ததற்கு இன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது எனக்கு. அன்றைக்கு அந்த அம்மா என்மேல் இரக்கப்பட்டு உள்ளே விட்டிருந்தால், அந்தப் பத்தியோடு வீடும் போயிருக்கும்.

பரிந்துரை சட்டமில்லை என்று நீதிபதி சொன்னார். ஆனாலும் அரசாங்கம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம், அதுவரை, அதாவது அடுத்த வாய்தாவரை, வீட்டை யாரும் விற்கக் கூடாது என்றார். மூன்று மாதம். அவ்வளவுதான் ஜெயித்தது. அரசாங்கம் மூன்று மாதத்தில் என்ன செய்யும் என்று நினைத்ததும் எனக்கு இடது பக்கம் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. வலிக்கட்டும், குதிரைக்கு ஒன்றும் ஆகாது.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அதே இடத்தில் மாமாவின் தம்பியும் வந்து நின்றார். ஊரில் வேறு வழி இல்லாமல் இல்லை, அந்த நேரத்துக்கு வேறு ஆட்டோதான் இல்லை. நான் இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தேன். மேகம் கட்டியிருந்தது.

“அண்ணி, பின்பக்க ஓட்டுல இன்னும் ஒழுவுதா?” என்று அவர் கேட்டார்.

“ஒழுவுது. நாலு பாத்திரம் வெக்கிறேன்.”

“ஞாயித்துக்கெழம லீவுதான் எனக்கு. ஏறிப் பாக்கறேன்.”

ஆட்டோ வந்தது. உள்ளே ஏற்கெனவே ஆறு பேர், இரண்டு பேருக்குத்தான் இடம். அவள் ஏறினாள். அவர் தயங்கினார். நகந்து உக்காரு என்று அவள் யாரிடமோ சொன்னாள், அவர் ஏறிக்கொண்டார். நான் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தேன்.